அயல்நாட்டு வீரரும் நமது நடுகல்லும்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல் நம்மவரின் தொன்மையான வழக்கம். தக்க கல்லைத் தேடிக் காண்பதிலே தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதிலே முடியும் அவ்வழக்கத்தைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகின்றது. தமிழ்நாட்டிலே, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆகோட்பூசலில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. ஊர், பெயர், செயல் ஆகிய இவற்றுக்கு மேல் அக்கல் எதனையும் கூறவில்லை. அவன் வென்றானா தோற்றானா என்ற பேச்சே அதில் இல்லை.

புறத்திணை கற்பித்துவரும் யான் மாணாக்கர்க்கு இதனை வற்புறுத்திக் கூறுவதுண்டு. வெற்றிக்கு எடுப்பது வேறு. வீழ்ந்தவனுக்கு எடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, நம் நாட்டு வானிலே பொருது மாண்ட அயல்நாட்டு இளைஞர் சிலரை ஈண்டு நினைத்துப் பார்க்க விரும்புகின்றேன். அவர்கள் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மேலே போரிட்ட 258ஆவது போர்விமான அணியினர்.

இந்த அணி பிரித்தானிய ஆகாயப்படையைச் சேர்ந்தது. 1940 நவம்பரிலே இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. எனினும் அதில் இருந்தோர் அனைவரும் ஆங்கிலேயர் அல்லர். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா, றொடீசியா, அமெரிக்கா எனப் பல நாட்டு இளைஞரும் அதில் இருந்தனர். 1942 சனவரியிலே, 'இண்டொமிற்றபிள்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து, யாவா வழியாகச் சிங்கப்பூரையும் சுமாத்திராவையும் காக்கும் போரிற் புகுந்தனர். பெப்பிரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சிலே யாவா வீழ்ந்தது. யாவாவில் எஞ்சி நின்றோர் சிறைப்பட்டனர். தப்பியோருட் சிலர் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களோடு புதியவர்களையும் கூட்டி, மார்ச்சு மாத முடிவிலே, அணி மீண்டும் எழுந்தது. றொடீசிய நாட்டினராகிய பீற்றர் பிளெச்சர் அதன் தலைவரானார்.

கொழும்புக் கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலே இவ்வணிக்கு விமானத் தளமாயிற்று. குதிரை ஓடிய புல்வெளியிலே ஓடுபாதை அமைந்தது. அங்ஙனம் ஒரு தளம் உண்டென்பதை யப்பானியர் அறிந்திலர். இரத்மலானைத் தளத்திலே 30ஆவது அணி இருந்தது. இரண்டும் 'ஹரிக்கேன்' என்னும் போர்விமானங்களைக் கொண்டவை.

ஏப்பிரல் 4ஆந் திகதி மாலை, கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானமொன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியப் பெருங்கடற்படையைக் கண்டது. அதனைச் செலுத்திய லெனாட் பேர்ச்சல் என்னும் கனடியர், தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அச்செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிவிட்டார். அதனால் துறைமுகத்துக் கப்பல்கள் பல அன்றிரவே விலகிச் சென்றன. ஆயினும், மறுநாட் காலை விமானங்கள் வந்தபோது, அவை வருகின்றன என்னும் எச்சரிக்கை விமானிகளுக்கு உரிய வேளையிற் கிடைக்கவில்லை.

வந்தவை 120க்கு மேற்பட்ட விமானங்கள். பேள் துறைமுகத்தின் மீது விமானத் தாக்குதலை நடத்திய புச்சிதா என்பவரே அவற்றுக்கும் தலைமை தாங்கினார். பகைவர் தலைக்கு மேலே வந்தபின்னரே இரத்மலானையில் விமானங்கள் எழத் தொடங்கின. பந்தயத் திடலிலிருந்து 258ஆவது அணியின் 14 விமானங்கள் தடையின்றி எழுந்தன. ஆனால் வான்போரில் உயரமே வலிமை. மேலே நிற்பவன் விரைவோடு இறங்கி அடிக்கலாம். கீழிருந்து ஏறுபவனுக்கு விரைவும் இல்லை, மறைவும் இல்லை. துறைமுகத்தின்மேற் குண்டெறிந்த விமானங்களை நம்மூர் காத்தவர் தாக்கப் புகுந்தபோது, உயரத்திலிருந்த 'ஸீரோ' போர்விமானங்கள் அவர்கள்மீது பாய்ந்தன. அவையோ விரைந்து ஏறவும் குறுகித் திரும்பவும் வல்லவை.

எழுந்த 14 விமானங்களுள் 9 அழிந்தன. அணியில் ஐவர் மாண்டனர். தலைவர் பிளெச்சர் புண்பட்டுக் குடைமூலம் குதித்து உயிர் தப்பினார். 30ஆவது அணியும் எட்டு விமானங்களை இழந்தது. அங்கும் ஐவர் மாண்டனர்.

பகைவரின் விமானங்களில் இருபதுக்கு மேற்பட்டவை வீழ்த்தப்பட்டன என்று அக்காலத்திற் சொல்லப்பட்டது. போருக்குப் பின் யப்பானியப் பதிவுகளை ஆராய்ந்தோர் கண்ட தொகை ஏழு. இலங்கையைக் கைப்பற்ற வந்த படையை இவர்கள் தடுத்தார்கள் என்று புகழ்வாரும் உளர். அதுவும் பொருந்தாது. அக்கடற்படையோடு கரையிறங்கும் சேனை எதுவும் வரவில்லை. அன்று துறைமுகத்திலே 'ரெனடோஸ்', 'ஹெக்டர்' என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. தென்கடலிலே 'கோண்வால்', 'டோசெற்சயர்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் 424 உயிரோடு மூழ்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. சீனன்குடாவிலிருந்து எழுந்த 261ஆவது அணியும் அவ்வாறே பெருஞ்சேதம் உற்றது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஆழ்ந்தது.

இவற்றை மறைத்து, இல்லாத வெற்றியைச் சூட்டுவதனால் இறந்தவர்க்குப் பெருமை உண்டாகாது. தம்மினும் பன்மடங்கு மிக்க பகையைக் கண்டும், கீழிருந்து மேலேறிச் சென்றனர் என்பது உண்மை. கல்லிற் பொறிக்க அது போதும்.

'அவர்கள் பேரரசின் பொருட்டுப் பொருதவர்கள். நம் பொருட்டு அன்று' என்று ஒருவர் கூறலாம். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர்கள் காத்தது பேரரசின் துறைமுகம். அவர்களை அனுப்பியது நம்மை ஆண்ட அரசு. நம்மை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அன்று விழுந்த குண்டுகள் அரசை நோக்கி மட்டும் விழவில்லை. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் விழுந்தன. போரின் காரணத்தையே அறியாத ஏழை மக்கள் மாண்டனர். அவ்வானத்தின் கீழே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒருங்கே இருந்தனர். மேலும், ஆநிரை யாருடையது, அரசன் நல்லவனா என்றெல்லாம் நடுகல் விசாரிப்பதில்லை. பூசல் வேந்தனுடையது, கல் வீழ்ந்தவனுடையது.

இறந்தாரை நினைப்பதிலும் நம்மவர், பிறர் என்று வகுக்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியிருக்கின்றது. தன் மகனுக்கு விளக்கேற்ற இயலாது கலங்கிய தாயரை நாம் அறிவோம். அத்துயரை அறிந்த நாம், யாரோ ஒரு தாய் நியூசிலாந்திலோ கனடாவிலோ ஏற்றியிருக்கக்கூடிய விளக்கை அயலானுக்குரியது என்று ஒதுக்குதல் தகுமா?

258ஆவது அணி பின்னர்ப் பர்மாப் போரிற் பங்குகொண்டு, 1945 டிசெம்பர் 31ஆந் திகதி கலைக்கப்பட்டது. பந்தயத் திடலிலே இப்போது விளையாட்டரங்கும் கடைத்தொகுதியும் உள்ளன. கொழும்பு லிவெரமெந்து மயானத்திலும், திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள போர்மயானத்திலும் உலகப்போர்க் காலக் கல்லறைகள் இருக்கின்றன. இவ்வட்டாரத்துப் போரிலே மாண்டு, உடல் கிடையாது போன விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவகத்திலே பொறிக்கப்பட்டுள்ளன.

நிலாவெளி வீதி மயானத்துள் நுழைபவர் கற்கள் யாவும் ஓரளவாக இருப்பதைக் காண்பர். தலைவனுக்குப் பெருங்கல், கீழ்நிலையாளனுக்குச் சிறுகல் என்ற வேறுபாடு இல்லை. பெயர், பதவி, படை, இறந்த நாள், வயது என்பன பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பெற்றோரோ மனைவியோ தெரிந்தெடுத்த ஒரு தொடரும் உண்டு. இருபதும் இருபத்திரண்டுமாகிய வயதுகளைப் படிக்குந்தோறும், உயர்தர வகுப்பு முடித்துச் சென்ற என் மாணாக்கர் முகங்களே எனக்குத் தோன்றுகின்றன. புலிமான்கோம்பைக் கல்லுக்கும் இக்கற்களுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தன. சொல்லும் முறை ஏறத்தாழ ஒன்றே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். நடுகல்லைப் பற்றிய பாடத்தை நடத்தும்போது, வசதியுள்ளோர் மாணாக்கரை இத்தகைய மயானத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். விரிவுரை வேண்டா. பெயர்களையும் வயதுகளையும் அவர்களே உரக்கப் படிக்கட்டும். அன்று குண்டு வீழ்ந்து மாண்ட நம் மக்களுட் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். புறத்திணையை அவர்கள் பிறகு மனனஞ் செய்ய வேண்டியிராது.