உப்புத் தண்ணி ஊரிலும் வாசலில் பச்சைப் புல்!



வீட்டு முன்னாடி கொஞ்சம் புல்தரை இருக்கணும் என்கிற ஆசை இப்போ பட்டணத்துப் பங்களாக்காரங்களுக்கு மட்டும் இல்லை. கிராமத்தில் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவர்களும் "முன்னாடி ரெண்டு சதுரம் லான் போடணும்" என்கிறார்கள். தப்பே இல்லை. புழுதி அடங்கும். வெயில் காலத்தில் தரைச் சூடு வீட்டுக்குள் அடிக்காது. குழந்தைகள் விழுந்து எழுந்தாலும் முட்டி தேயாது. வயசானவர்கள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம்.

ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எந்தப் புல் அழகு, சதுர அடி என்ன விலை என்றுதான் பேசுகிறார்கள். நான் இருப்பது காட்டூரில், பழவேற்காடு ஏரிப் பக்கம். நான் புல் ஆசையைச் சொன்னதும் எங்கள் அத்தை (என் மாமியார்) ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "குடிக்கிற தண்ணியையே குடம் வைச்சுப் பிடிக்கிறோம். புல்லுக்கு யாரும்மா சுமக்கிறது?"

கடலோரத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணி

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி. கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் கலந்து கிடக்கும். மீனுக்கும் இறாலுக்கும் அது சொர்க்கம். செடி கொடிக்கு அப்படி இல்லை.

நிலத்தடித் தண்ணி கதை இன்னும் வேறே. மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் இருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் வருஷக்கணக்காக இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கடல் தண்ணி மண்ணுக்குள் நகர்ந்து வந்தது. 1969-ல் கரையில் இருந்து 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1987-ல் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் 2010-ல் எங்களுக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியைக் குடிநீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் அளவு பெரியது. நல்ல தண்ணிக்கு என்ன மதிப்பு என்று இதில் இருந்தே தெரியவில்லையா?

ஒரு சதுரத்துக்கு எத்தனை குடம்?

கொத்தனார் கணக்கில் ஒரு சதுரம் என்றால் பத்தடிக்குப் பத்தடி, 100 சதுர அடி. மீட்டரில் சுமார் 9.3 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கோடை வெயிலில் புல்தரை ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணி கேட்கும். அப்படியானால் ஒரு சதுரத்துக்குச் சுமார் 40 லிட்டர் ஆகும். 15 லிட்டர் குடத்தால் 3 குடம். ஐந்து சதுரம் போட்டால் தினம் 15 குடம்!

லான் என்பது இங்கிலாந்து மாதிரி அடிக்கடி தூறல் விழுகிற குளிர் தேசத்து வழக்கம். வெள்ளைக்காரன் கூடவே நம்ம நாட்டுக்கு வந்தது. வசதியான அமெரிக்காவிலேயே, பாலைவனத்தில் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டம் போட்டார்கள். யாரும் காலே வைக்காத, வெறும் பார்வைக்கு இருக்கும் புல்தரைகளுக்கு 2027-ல் இருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணி கிடையாது. வீடுகளை விட்டுவிட்டு, சாலை ஓரம், அலுவலக வாசல் மாதிரி இடங்களுக்குத்தான் இந்தச் சட்டம். நம்ம சென்னையில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, பெண்கள் ராத்திரி முழுக்கக் குடத்தோடு நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அதனால் என் கட்சி இதுதான்: புல்லைப் பார்த்துத் தண்ணி தேடக் கூடாது. இருக்கும் தண்ணியைப் பார்த்துப் புல் தேடணும்.

மீன் பெட்டியில் ஒரு பரீட்சை

வாங்கிப் பதிக்கும் முன்னே சோதித்துப் பார்ப்பது நல்லது. செலவே இல்லை. மீன் ஐஸ் வைத்து வரும் பழைய தெர்மாகோல் பெட்டி மூன்று எடுத்தேன். அடியில் ஓட்டை போட்டு, எங்கள் வாசல் மண்ணையே நிரப்பினேன். ஒன்றில் நர்சரியில் கேட்டு வாங்கிய கொரியன் புல் பத்தைத் துண்டு. இன்னொன்றில் வேலி ஓரம் பிடுங்கிய அருகம்புல். மூன்றாவதில் பொடுதலை. மூன்றுக்கும் எங்கள் போர் தண்ணி மட்டும்தான்.

45 நாள் பார்த்தேன். கொரியன் புல் சாகவில்லை, ஆனால் நுனி கருகி, வைத்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அருகம்புல் பெட்டி விளிம்பைத் தாண்டிக் கொடி விட்டது. பொடுதலை பூவே பூத்துவிட்டது! உங்கள் மண்ணில், உங்கள் தண்ணியில் முடிவு வேறு மாதிரி வரலாம். அதனால்தான் நீங்களும் பெட்டி வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

வீட்டில் குடிநீர் மெஷின் வைத்திருப்பவர்களிடம் தண்ணியின் உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். குடிக்கிற தண்ணிக்கு அது 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடல் தண்ணி சுமார் 35,000. மண்ணில் தண்ணி தேங்காமல் வடிந்தால், நாம் குடிக்க முடியாத 2,000, 3,000 தண்ணியிலும் அருகம்புல் பிழைத்துக்கொள்ளும்.

எந்தப் புல் யாருக்கு?

அருகம்புல்: வெளிநாட்டில் பெர்முடா என்று சொல்வதும் இந்த அருகம்புல் இனம்தான். உப்பு, வறட்சி, மிதி மூன்றையும் தாங்கும். நல்ல வெயில் வேணும். மர நிழலில் போட்டால் இளைத்துப் போகும். வெட்டின புல் ஆட்டுக்கு ஆகும், பிள்ளையார் சதுர்த்திக்குக் கடையில் வாங்கவும் வேண்டாம்.

எருமைப்புல்: இலை அகலமாக இருக்கும். பார்வைக்கு முரடு. ஆனால் தென்னை, வேம்பு நிழல் விழும் வாசலுக்கு இதுதான் சரி. உப்பையும் ஓரளவு தாங்கும்.

கொரியன் புல்: மெத்தை மாதிரி அழகு. அடிக்கடி வெட்ட வேண்டாம். ஆனால் மெதுவாக வளரும், நாளாக நாளாக மேடும் பள்ளமுமாகத் திரளும். நல்ல தண்ணி தாராளமாக உள்ளவர்கள் போடலாம்.

பொடுதலை: இது புல் இல்லை, தரையோடு படரும் மூலிகை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதுதான். ஏரி ஓரம், வரப்பு ஓரம் தானாகக் கிடக்கும். வெட்டுகிற வேலையே கிடையாது. ரெண்டு விஷயம் கவனிக்கணும். பூவுக்குத் தேனீ வரும், அதனால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் வேண்டாம். சுற்றிலும் செங்கல் பதித்து எல்லை கட்டுங்கள், இல்லாவிட்டால் தோட்டம் முழுக்க ஓடிவிடும். இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு இனம் ஆஸ்திரேலியாவில் ஆற்றுப் படுகைகளில் பரவி, மேய்ச்சல் நிலத்துக்கே களையாகிவிட்டது.

மண்ணைத் தயார் செய்வது

முதலில் வாசற்படியில் இருந்து நாலடி கோலத்துக்கு விட்டுடுங்கள். வலை காயப்போட, கருவாடு உணத்தவும் தனி இடம் வேணும். மிச்ச இடம்தான் புல்லுக்கு. எங்கள் வீட்டில் ஒரு சதுரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆடியில் ஓரடி ஆழம் கொத்திக் கல், கண்ணாடி எல்லாம் பொறுக்குங்கள். கோரைக் கிழங்கை ஒன்று விடாமல் எடுக்கணும். தண்ணி தெளித்து முளைக்க விட்டு மறுபடியும் பிடுங்கினால் பாதித் தொல்லை போச்சு. தரை, வீட்டுப் பக்கம் உயர்ந்து தெருப் பக்கம் லேசாகச் சரியணும். தண்ணி தேங்கினால் உப்பும் தேங்கும்.

வெள்ளை பூத்த மண் உவர் மண். நல்ல தண்ணி விட்டுக் கழுவினாலே உப்பு கீழே இறங்கும். இறுகிப் போய், மழைத் தண்ணி நின்றுகொண்டே இருப்பது களர் மண். அதற்கு ஜிப்சம் போடணும். எவ்வளவு என்று கைக்கணக்கில் போடாமல் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

மட்கின தொழுவுரம் கலப்பது ரொம்ப அவசியம். நல்ல தண்ணி ஏரி வண்டல் அனுமதியோடு கிடைத்தால் அதுவும் பொன்தான். உப்பங்கழிச் சேற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். நாம் கழுவிய உப்பு திரும்ப வந்து உட்காரும்.

நடவு

எங்கள் பக்கம் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். மண்ணைக் கழுவக் காசு இல்லாமல் கிடைக்கும் தண்ணி அது. முதல் ரெண்டு நல்ல மழையைச் சும்மா விடுங்கள், உப்பு இறங்கட்டும். அப்புறம் மழை விட்ட நாளாகப் பார்த்து, வேரோடு எடுத்த அருகம்புல் கணுக்களை 10 சென்டிமீட்டர், அதாவது நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளியில் ஊன்றுங்கள். மிதித்து அழுத்தினால் போதும். கணு நட்ட புல் மழையில் அடித்துக்கொண்டு போகாது.

இன்னொரு முறையும் உண்டு. புல்லைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பச்சைச் சாணம், தோட்ட மண், தண்ணி சேர்த்துக் குழம்பாக்கி, ஈரத் தரையில் பூசி மேலே லேசாக மண் தூவுவது. சாணி மெழுகத் தெரிந்த நமக்குச் சொல்லியா தரணும்! ஆனால் பெருமழையில் இது கரையும். மழை ஓய்ந்த தை மாசம் செய்யலாம்.

பத்தையாக வாங்கிப் பதித்தால் அன்றைக்கே பச்சை. செலவு அதிகம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டில் அப்படித்தான் பதித்தார்கள். "எந்தத் தண்ணிக்கும் வரும்" என்று விற்றவர் சொன்னார். கோடையில் லாரித் தண்ணி வாங்கி ஊற்றியும் பாதிக்கு மேல் காய்ந்துபோனது. விற்கிறவர் வார்த்தையைவிட நம்ம மீன் பெட்டி நிஜம் சொல்லும்.

தண்ணி விடுவது

உப்புத் தண்ணியைத் தினம் தினம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை, அதிகாலையில், வேர் வரை இறங்கும்படி விடுங்கள். வேரும் ஆழமாகப் போகும்.

அரிசி, காய்கறி கழுவின தண்ணி தாராளமாக விடலாம். துணி துவைத்ததில் கடைசியாக அலசின தண்ணி மட்டும் போதும். சோப்புத் தண்ணி மண்ணைக் களராக்கும். மீன் கழுவின தண்ணி தென்னைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் தெருப் பூனை எல்லாம் புல்லில்தான் இருக்கும். குடிநீர் மெஷின் கழிவுத் தண்ணியில், மெஷினுக்குள் போன தண்ணியைவிட உப்பு அதிகம். அளந்து பார்த்து, மற்ற தண்ணியோடு கலந்து விடுங்கள்.

புல்லை ரெண்டு அங்குலத்துக்கு மேல் வளர விடாதீர்கள். பூச்சி பொட்டு வந்தால் கண்ணில் படணும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவும் கூடாது.

எங்கள் ஒரு சதுரம் அருகம்புல்லுக்கு இதுவரை ஒரு குடம் குடிநீர்கூட ஊற்றவில்லை. கோடையில் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். மழை பிடித்தால் தானே துளிர்க்கும். நாற்பது வருஷம் ஏரித் தண்ணியில் நின்று வலை வீசின மாமா, இப்போ சாயங்காலம் காலை அந்தப் புல்லில் வைத்துக்கொண்டுதான் டீ குடிக்கிறார். அத்தையும் குறை சொல்வதில்லை.

நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் எத்தனையோ சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்கள் வேலி ஓரம் யாரும் தண்ணி ஊற்றாமலே பச்சையாக இருப்பது எது என்று பார்த்து எழுதுங்களேன். எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, காட்டூர்.