சாயம் வெளுக்கலாமா?



"அவர் சாயம் வெளுத்துவிட்டது" என்று நாம் பேச்சுவழக்கில் கூறுவதுண்டு. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டியவரின் உண்மை நிறம் வெளிப்பட்டுவிட்டது என்பது அதன் பொருள். இந்த வழக்கு பிறந்த இடம் துணி துவைக்கும் கல்தான் என்பதை நான் ஒருநாள் நேரில் அறிந்துகொண்டேன்.

தலைப்பிரசவத்திற்கு வீடு வந்திருந்த மகளுக்காக, துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து ஒரு போர்வை செய்தேன். வெள்ளைக் கட்டமும் சிவப்புக் கட்டமும் மாறி மாறி வரும் போர்வை. சிவப்புத் துணிக்கு நானே வீட்டில் சாயமேற்றினேன். பார்த்தவரெல்லாம் "மாஷா அல்லாஹ்" என்றனர். ஆனால் முதல் சலவையிலேயே வெள்ளைக் கட்டங்கள் யாவும் இளஞ்சிவப்பாயின. அதனுடன் ஊறிய பேரக்குழந்தையின் சட்டையும் தப்பவில்லை. தவறு துணியில் இல்லை; சாயத்தில் இல்லை; கடைசியில் செய்யவேண்டிய ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்ட என்னிடத்தில்தான் இருந்தது. அது எந்த வேலை என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

தறியோசை கேட்கும் ஊர்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் ஆர்.கே.பேட்டை இருக்கிறது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது அதன் முழுப்பெயர். ஆந்திர எல்லையை ஒட்டிய இப்பகுதி 1960-ஆம் ஆண்டில்தான் திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்திற்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே சென்றால், வீட்டு முகப்பிலிருந்து தறியோசை செவியில் விழும். நூலுக்குச் சாயமேற்றுவதும், பாவு ஓட்டுவதும், நெய்வதும் இப்பகுதி மக்களுக்குப் பிழைப்பு.

இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அப்பால், கடலோரத்தில் பழவேற்காடு இருக்கிறது. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்குவதற்கு அவர்கள் கொண்டுசென்ற சரக்குகளில் தலையாயது நம் கடற்கரையின் சாயத் துணி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் "காயின் பெலிக்காட்" என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் திரிபே. நம் வீட்டுக் கொடியில் தொங்கும் கைலி, கடல் கடந்த முஸ்லிம்களின் நாவில் நம் ஊரின் பெயராகவே நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியதன்றோ?

அக்காலத்துச் சிவப்பு, மணற்பாங்கான கரையில் விளையும் சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் அதனை அழைப்பர். நீலம், அவுரியிலிருந்து வந்தது. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி வயல்கள் அருகின. சாயவேர் தோண்டுவோரும் மறைந்தனர்.

ஒட்டுப்போடுவது இழிவன்று

ஒட்டுத்துணி என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பெரும் நிலப்பரப்பை ஆண்ட கலீபா உமர் (ரலி) அவர்களின் அங்கியில் இருந்த ஒட்டுகளை வரலாறு இன்றளவும் பேசுகிறது. நமக்கு இதில் என்ன வெட்கம்?

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஸித்தி மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அப்பெண்கள் பழந்துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பதில் கைதேர்ந்தவர்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்து, அதனைப் பூ என்று அழைப்பார்கள். பூ இல்லாத போர்வை முழுமை பெறாதது என்பது அவர்கள் எண்ணம். வங்காளத்து முஸ்லிம் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் புகழ்பெற்றது. நம் கந்தை என்னும் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. நம் வீட்டு மூதாட்டிகள் பச்சிளம் குழந்தைக்குப் பழைய வேட்டியை நான்காக மடித்துத் தைத்துக் கொடுத்ததும் இதே கலைதான்.

எந்தத் துணி ஏற்றது?

சாயமேற்றுவதற்குக் காடாத் துணி மிகவும் ஏற்றது. பழைய பருத்தி வேட்டியும் நன்று. பருத்தியா அன்றா என ஐயமிருந்தால் ஒரு நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் திரளும். அதில் இங்குக் கூறும் சாயம் ஏறாது.

காடாத் துணியில் கஞ்சியும் இயற்கையான மெழுகும் இருக்கும். ஓரிரவு நீரில் ஊறவைத்து அலசி, மறுநாள் சோப்பும் சிறிது சலவைச் சோடாவும் கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவையுங்கள். இதனைச் செய்யாவிடில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். துணி சுருங்குவதும் இப்போதே சுருங்கிவிடும். சுருங்கிய துணியையும் சுருங்காத துணியையும் ஒன்றாகத் தைத்தால், துவைத்தபின் போர்வை நெளிந்து போகும்.

சாயமேற்றும் முறை

வீட்டிற்கு ஏற்றது "ரியாக்டிவ்" வகைச் சாயம். அதிலும் குளிர்ந்த நீரில் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இவ்வகைச் சாயம், பருத்தி இழையின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுகிறது.

அரைக் கிலோ உலர்ந்த துணிக்குத் தேவையானவை: நீர் 10 லிட்டர், சாயம் 10 கிராம், சாதாரண உப்பு அரைக் கிலோ, சோடா ஆஷ் 100 கிராம். வெளிர் நிறம் வேண்டுமாயின் சாயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

சாயத்தூளைச் சிறிது நீர்விட்டுப் பசையாகக் குழைத்து, பிறகு முழுநீரில் கரையுங்கள். நனைத்துப் பிழிந்த துணியைப் பிரித்து இடுங்கள். உப்பை மூன்று பங்காக்கி, ஐந்து நிமிடத்திற்கொரு பங்காகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் துணியை வெளியே தூக்கிவிட்டு, உப்பு கரைந்தபின் இடவேண்டும். உப்பு, நீரிலுள்ள சாயத்தைத் துணியின்பால் தள்ளும். அரைமணி நேரம் கழித்து, தனியே நீரில் கரைத்து வைத்த சோடாவை இதேபோல் துணியைத் தூக்கிவிட்டுச் சேருங்கள். சாயம் இழையோடு பிணைவது இப்போதுதான். ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டிக்கொடுங்கள். மடிப்பிலேயே கிடந்தால் அங்கே நிறம் குன்றிவிடும்.

வெளுப்பதன் காரணம்

இனி, நான் செய்யத் தவறிய வேலைக்கு வருகிறேன். சோடா சேர்ந்ததும் சாயம் முழுவதும் பருத்தியோடு பிணைவதில்லை. ஒரு பகுதி நீரோடு சேர்ந்து தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. அச்சாயம் இழைகளுக்கிடையே சும்மா தங்கியிருக்கும். பார்வைக்கு நல்ல நிறமாகவே தோன்றும். அதுவே பின்னர் ஒவ்வொரு சலவையிலும் கசிந்து அடுத்த துணியைக் கறைப்படுத்துகிறது.

அதனை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும். முதலில் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு சோப்பு நீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். நீர் தெளியும் வரை இவ்வாறு செய்யவேண்டும். நிறம் போகிறதே என்று மனம் பதறும். போவது நமக்கு உரிய நிறமன்று, விட்டுவிடுங்கள். உப்பு நீரிலோ காடியிலோ ஊறவைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று சிலர் கூறுவர். பருத்தியில் பிணையாத சாயத்தை அவை பிடித்து வைப்பதில்லை.

இறுதியாக ஒரு சோதனை. ஈரமான சாயத் துணியின்மீது வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தைக்கலாம். கறை படிந்தால் மீண்டும் சோப்பு நீரில் கொதிக்க வையுங்கள். கடையில் வாங்கிய நிறத்துணிக்கும் இச்சோதனை அவசியம்.

கடுக்காயும் மாதுளை ஓடும்

இரசாயனச் சாயம் வேண்டாம் என்போர்க்கு வேறு வழியுண்டு. அரைக் கிலோ துணியை 100 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். பிறகு 75 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் ஓரிரவு ஊறவையுங்கள். உலர்ந்த மாதுளை ஓடு கால் கிலோவை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த நீரில் இத்துணியை இட்டு, மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் அமைதியான மஞ்சள் நிறம் கிட்டும். துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் நீரும் சேர்த்து இரு வாரம் புளிக்கவைத்த கரைசலில், கடுக்காய் ஏறிய துணியை நனைத்தால் சாம்பல் முதல் கருமை வரை வரும். இரும்பு மிகுந்தால் துணி இற்றுப்போகும், அளவோடு நிறுத்துங்கள். சமையல் மஞ்சளை மட்டும் நம்பவேண்டாம். வெயிலில் அது வெளுத்துவிடும்.

கடுக்காய், படிகாரம், இரும்பு, வெல்லம் ஆகிய இவற்றைக் கொண்டே கட்ச் பகுதியின் கத்ரி முஸ்லிம்கள் புகழ்பெற்ற அஜ்ரக் துணியை உருவாக்குகின்றனர். 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் அவர்களின் தமட்கா கிராமம் சிதைந்தது. நிலத்தடி நீரிலும் இரும்பு மிகுந்து நிறம் கெட்டது. நல்ல நீரைத் தேடிச்சென்று அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரையே அமைத்தனர். அக்கலைஞர்களுள் ஒருவரான இஸ்மாயில் முஹம்மது கத்ரிக்கு 2003-இல் இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. நீரின்றிச் சாயமில்லை என்பதற்கு அவர்கள் வாழ்வே சான்று.

கவனம், சகோதரிகளே!

சாயத்திற்குப் பயன்படுத்திய பாத்திரத்தையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ரியாக்டிவ் சாயத்தூள் மூச்சில் கலந்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரக்கூடும். மூக்கையும் வாயையும் மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூளைக் கரையுங்கள். கையுறை அணியுங்கள். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அருகில் இருக்கவேண்டாம். பட்டறைகளில் புழங்கும் காஸ்டிக் சோடாவையும் ஹைட்ராஸையும் வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள். புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களை வெளியிடும் அசோ சாயங்கள் 70-ஐ நம் அரசு 1997-இல் தடைசெய்தது. ஆகவே பெயரும் விவரமும் அச்சிடப்படாத பொட்டலச் சாயத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கழிவு நீரைப் பற்றியும் சிந்திக்கவேண்டும். சாய ஆலைகளின் உப்பும் கழிவும் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கின. 2011-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. நம் வாளி சிறியதுதான். ஆயினும் அதிலும் அரைக் கிலோ உப்பு இருக்கிறது. கிணற்றடியிலும் செடிகளுக்கும் ஏரிக்கும் அதனை ஊற்றலாகாது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளுக்குக் கடுக்காய் முறையே தக்கது. ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்துவிட்டு நாம் பெறும் அழகில் பரக்கத் இருக்குமா?

விற்போருக்கு ஒரு சொல்

இக்கைத்தொழிலால் வீட்டிலிருந்தபடியே நான்கு காசு ஈட்ட விழையும் சகோதரிகள் பலர். விலை வைக்கும்போது துணி, சாயம், நூல் ஆகியவற்றின் செலவோடு உங்கள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வீட்டில் சும்மா இருந்தபோது தைத்ததுதானே" என்று பேரம் பேசுவோருக்கு, அந்நேரம் சும்மா வந்ததன்று என்று பணிவோடு கூறுங்கள்.

அதேபோல் பொருளின் குறையையும் மறைக்காதீர்கள். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கட்டம்போட்ட மெட்ராஸ் துணியை வாங்கிச்சென்று, புரூக்ஸ் பிரதர்ஸ் ஆடையகத்திற்கு விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கவேண்டும் என்று இங்கே சொல்லப்பட்ட எச்சரிக்கை அங்கே வாங்கியவர்களைச் சென்றடையவில்லை என்பர். சாயம் கசிந்து பெரும் புகார் எழுந்தது. பிறகு கசிவதே இத்துணியின் சிறப்பு என விளம்பரம் செய்தனர்; விற்பனையும் பெருகியது. அவர்கள் தப்பித்துக்கொண்டனர். நமக்கு அவ்வழி வேண்டாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என விற்றவரைக் கண்டித்தார்கள். நம் போர்வையின் சாயமும் அந்தத் தானியத்தின் ஈரம் போன்றதே. "முதல் இரண்டு சலவை தனியே" என ஒரு சீட்டு எழுதி வைப்பதால் மதிப்புக் குறையாது. வாங்கியவர் மீண்டும் வருவார்.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 138-ஆவது வசனத்தில், அல்லாஹ் தந்த மார்க்கத்தைக் குறிக்க "ஸிப்கா" என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. நிறம், சாயம் என்பது அதன் நேர்ப்பொருள். மேலே பூசியது வெந்நீர் பட்டதும் போய்விடும். இழையோடு இழையாய்க் கலந்தது நிற்கும். ஈமானும் அவ்வாறே.

அந்த இளஞ்சிவப்புப் போர்வையை நான் தூக்கி எறியவில்லை. சோப்பு நீரில் மும்முறை கொதிக்க வைத்தபின் கசிவு நின்றது. வெள்ளை திரும்பவில்லை. பேரன் இன்றும் அதைப் போர்த்தித்தான் உறங்குகிறான். அடுத்து வரும் குழந்தைக்குப் புதிய போர்வைக்கான துணி ஊறிக்கொண்டிருக்கிறது. இம்முறை நீர் தெளியும் வரை அலசுவேன், இன்ஷா அல்லாஹ்.

நம் கைத்தொழிலிலும் நம் சொல்லிலும் வெளுக்காத நிறத்தை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.