‘ஃபார் யூ, ஸ்பெஷல் பிரைஸ்!’ – கல்லாவுக்கு அந்தப் பக்கம்

முதல் ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பாங்காக் சந்தையில் நீங்கள் “ஹவ் மச்?” என்று வாயைத் திறப்பதற்குள் விலை முடிவாகியிருக்கும். யானைப் படம் போட்ட அந்தத் தொளதொள கால்சட்டைக்கான விலை அல்ல. உங்களுக்கான விலை!

இடம், சாட்டுசக் வார இறுதிச் சந்தை. சனியும் ஞாயிறும்தான் முழு வீச்சு. 27 பிரிவுகள், பத்தாயிரத்தைத் தாண்டும் கடைகள். அரண்மனைக்குப் பக்கத்தில் சனாம் லுவாங் மைதானத்தில் நடந்துகொண்டிருந்த சந்தை 1982-ல் இங்கே குடிவந்தது. அந்தக் கடைக் கடலில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற ஒரு துணிக்கடை. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்திருந்ததால் கடைக்கார அக்கா எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். சினிமாவைத் தியேட்டரில் பார்ப்பது ஒரு சுகம் என்றால், புரொஜெக்டர் ரூமிலிருந்து பார்ப்பது தனி சுகம்!

கடை திறந்ததும் முதல் மரியாதை நாங் குவாக்குக்கு. உயரே ஒரு மாடத்தில் மண்டியிட்டு, ஒரு கையைக் குவித்து ‘வா, வா’ என்று கூப்பிடுகிற பெண் சிலை. கூட்டத்தைக் கடைக்குள் இழுத்து வருவது அவள் பொறுப்பு. அதற்குச் சம்பளம், ஸ்ட்ரா போட்டு வைத்த சிவப்பு ஃபாண்டா. அப்புறம் போணி. உள்ளூர்ப் பெண் ஒருவர் வந்து இரண்டு சட்டை எடுத்தார். “லொட் நொய் டாய் மை, கா?” கொஞ்சம் குறைக்கலாமா என்று ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, இருபது பாட் தள்ளுபடி. அவ்வளவுதான், பத்து விநாடியில் முடிந்துபோன பேரம். அவர் போனதும் அக்கா அந்த நோட்டை எடுத்து, தொங்குகிற துணிகள்மீது தட் தட்டென்று தட்டிக்கொண்டே கடையைச் சுற்றிவந்தார். முதல் காசின் அதிர்ஷ்டம் மற்ற சரக்குக்கும் ஒட்ட வேண்டுமாம். தாய்லாந்து முழுக்க இந்த வழக்கம் உண்டு. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப எந்தக் கடைக்கும் மனசு வராது. காலையிலேயே போகிறவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்!

பத்து மணிக்கு மேல் வெளிநாட்டுக் கூட்டம். இப்போதுதான் அக்காவின் கண்களைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார், ஆனால் படிப்பது கைகளை. பக்கத்துக் கடைப் பை கையில் இருந்தால், அங்கே என்ன விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்பது அக்காவுக்கு ஏறக்குறைய தெரியும். பக்கத்துக் கடைக்காரி மத்தியானம் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஆயிற்றே! எதைத் தொடுகிறார்கள் என்பது முக்கியமில்லை, எதைத் திரும்பவும் வந்து தொடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். இரண்டாவது முறை தொட்ட கால்சட்டைக்கு விலை இறங்குவது கஷ்டம்.

அந்த நேரம் பார்த்து வந்தது நம்ம ஊர் ஜோடி. எனக்கு வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி. நான் தமிழ் என்பது அவர்களுக்குத் தெரியாது. வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏங்க, இருநூத்தி இருபதுங்குது. நீங்க எம்பதுல ஆரம்பிங்க.”

“எம்பதா? அடிச்சுரப் போறாங்கடி.”

“ரங்கநாதன் தெருவுல யாராவது அடிச்சாங்களா? கேளுங்க.”

அக்காவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கணவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மனைவியின் விரல் நீலக் கால்சட்டையை விடவில்லை. அது போதும். பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டர் முன்னால் வந்தது. கணவர் 80 தட்டினார். அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன அலறல் போட்டார். போன வாடிக்கையாளருக்கும் இதே அலறல், இதே சுருதி! 200. இவர் 100. அக்கா வானத்தைப் பார்த்தார். 180. இவர் 110. “மை டாய், மை டாய்,” முடியவே முடியாது என்று தலையசைப்பு. உடனே மனைவி அந்தப் பிரபலமான ஆயுதத்தை எடுத்தார். “வாங்க போலாம்.”

இங்கேதான் தொழில் நுணுக்கமே இருக்கிறது. கிளம்பிப் போகிறவர்களின் நடையை அக்கா அளக்கிறார். கழுத்து லேசாகத் திரும்பியிருந்தால், காலடி சின்னதாக இருந்தால், கூப்பிட வேண்டாம், தானாக வருவார்கள். விறுவிறுவென்று போனால்தான் ஆபத்து. இவர்கள் இரண்டு கடை தாண்டுவதற்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் அக்கா கூப்பிட்டார். ஏனென்றால் அவர் மனசில் இருந்தது ஒரு கால்சட்டை அல்ல, மூன்று.

“த்ரீ! ஃபோர் டுவென்டி! ஃபார் யூ, ஸ்பெஷல் பிரைஸ்!”

ஒன்றுக்கு 140. மனைவியின் முகத்தில் வெற்றிக் களை. “பாத்தீங்களா, எம்பதுல ஆரம்பிச்சதாலதான்!” என்றார் போகும்போது. அவர் மறைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பி, மூன்று விரலைக் காட்டி, 130 என்று கால்குலேட்டரில் தட்டினார். அதற்குக் கீழே அவர் இறங்குவதே இல்லை. மேலே கிடைத்த முப்பது பாட்டுக்கு எனக்கு ஐஸ் டீ வாங்கிக் கொடுத்தார். நான் துரோகிதான். ஆனால் அந்த டீ அருமை!

எல்லாக் கடையிலும் இந்த ஆட்டம் கிடையாது. சாப்பாட்டுக் கடையில் பேரம் பேசினால் விநோதமாகப் பார்ப்பார்கள், நூடுல்ஸுக்கு விலை விலைதான். சாட்டுசக்கில் இருநூறு சொன்னால் நூற்றைம்பது பக்கம் முடியும். சிலோம் சாலையையொட்டிய பாட்பாங் இரவுச் சந்தையில் ஆரம்ப விலையே விண்ணைத் தொடும், கால்வாசியில் பேச்சைத் துவக்கினாலும் தப்பில்லை. அதே சிலோம் சாலையில்தான் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பாட்பாங் போவது உத்தமம் என்பேன்.

“வெளியூர்க்காரனுக்குத் தனி விலையா?” என்று கொதிப்பவர்களுக்கு ஒரு தகவல். தாய்லாந்தில் அரசே அப்படித்தான். அரண்மனைக்குள் போக உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் இல்லை, நமக்கு 500 பாட். தேசியப் பூங்காக்களின் பலகையில் உள்ளூர்க் கட்டணத்தைத் தாய் எண்களில் எழுதி வைத்திருப்பார்கள், நமக்குப் படிக்கவே வராது. கால்சட்டைக்கார அக்காமேல் கோபப்பட்டு என்ன பண்ண?

இன்னொரு சுவாரஸ்யம். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆக்கிய பிறகு, 2024-ல் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் நம்மவர்கள் போனார்கள். புக்கெட், பட்டாயா பக்கம் தையல் கடை வாசலில் “ஆவோ பாயி!” என்று சரளமான இந்தியில் கையைப் பிடிக்கிற இளைஞரைத் தாய்லாந்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மியான்மரிலிருந்து வந்த நேபாள வம்சாவளிக்காரராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டில் நேபாளி, ஊரில் பர்மியம், கடையில் தாய், நமக்காக இந்தி. தமிழும் சீக்கிரம் வந்துவிடும், அப்போது “வாங்க போலாம்” பலிக்காது!

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு விடியற்காலையில் அக்காவோடு பிராட்டுனாம் போனேன். மொத்த வியாபாரத் துணிகள் மூட்டை மூட்டையாக நடைபாதையில் குவிந்துகிடந்தன. சுற்றிலும் உள்ள பல கடைகளில் மூன்று எடுத்தாலே மொத்த விலை, டஜன் கணக்கில் எடுத்தால் இன்னும் இறங்கும். யானைக் கால்சட்டையில் இப்போது சீனச் சரக்கும் கலந்துவிட்டது. 2024-ல் அரசாங்கமே இந்த இறக்குமதி நகல்களைப் பிடிக்கக் கிளம்பியது. அக்கா தையலைத் திருப்பிப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து, “பேங்!” என்றார். விலை ஜாஸ்தி என்று மூக்கைச் சுளித்தார். நெஞ்சைப் பிடித்தார். அதே அலறல், அதே சுருதி! மொத்த வியாபாரி இட்லி மாதிரி வெந்த ஏதோ ஒன்றை மென்றுகொண்டே தலையசைத்தாள். அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கழுத்து லேசாகத் திரும்பியிருந்தது, காலடி சின்னதாக இருந்தது.

அந்தம்மா கூப்பிடவே இல்லை. அக்கா தானாகத் திரும்பிப் போய் ஐந்து டஜன் எடுத்தார், சொன்ன விலைக்கே.