கோடைப் புழுக்கமும் வீட்டின் காற்றோட்டமும்

கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூவுக்கு வயலைத் தயார் செய்யும் பங்குனி, சித்திரை மாதங்களில் நாஞ்சில் நாட்டில் புழுக்கம் மிகுந்து காணப்படும். பகலெல்லாம் வயலில் உழைத்தவர் இரவில் உறங்க இயலாவிடில் மறுநாள் வேலை கெடும். முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் உயிருக்கே தீங்கு நேரலாம். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டியவர்கள் இத்தொல்லையைக் கூடுதலாக அனுபவிக்கின்றனர். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுவதே காரணம். மின்விசிறியோ காற்றைக் குளிர்விப்பதில்லை. தளத்தையொட்டிய சூடான காற்றையே கீழே தள்ளுகிறது.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அதன் உட்புறக் குளிர்ச்சியை அறிவர். சரிந்த ஓட்டுக் கூரை, சுவரைத் தாண்டி நீண்ட இறவாரம், மரச்சட்டச் சாளரங்கள், வானம் பார்த்த முற்றம் ஆகியவை அங்கு உண்டு. சூடான காற்று இலேசானது. அது மேலெழுந்து வெளியேற, அவ்விடத்தை நிரப்பக் கீழ்ச் சாளரங்கள் வழியே புதுக்காற்று நுழையும். இதற்கு அரண்மனை தேவையில்லை. இரண்டு அறை வீட்டிலும் செய்யலாம்.

ஒரு சுவரில் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று ஓடாது. எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி, ஒரு திறப்பு வேண்டும். மழைச்சாரல் புகாதபடி சாய்ந்த பலகைகள் பொருத்தினால் போதும். காற்றை வெளியேற்றும் விசிறி வைப்பவர்கள், அதை அடுக்களைச் சுவரின் உச்சியில் வைத்து, அதனருகில் உள்ள ஜன்னலை மூடி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறக்க வேண்டும். அருகில் உள்ளதைத் திறந்தால் அக்காற்றே சுற்றிச் செல்லும், அறைக்குப் பயனில்லை. கொசுவுக்கு அஞ்சி அந்தியில் ஜன்னலை அடைப்பது பெருந்தவறு. அந்நேரமே வெளிக்காற்று குளிரத் தொடங்குகிறது. வலை அடித்துத் திறந்து வையுங்கள்.

வடநாட்டில் ஈர வெட்டிவேர்த் தட்டி நல்ல பலன் தரும். அங்கு காற்று வறண்டது. நம் கடலோரக் காற்றில் ஈரம் ஏற்கனவே மிகுதி. ஈரத்தட்டி கட்டினால் புழுக்கமே கூடும். வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே இங்கு மருந்து.

தளத்திற்கு வெள்ளையடிப்பது செலவு குறைந்த வழி. நன்கு நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பைப் பசை சேர்த்து, கோடைக்கு முன் இரு முறை பூச வேண்டும். அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையக்கூடும். கடும் வெப்ப அலையை 2010-ல் கண்ட ஆமதாபாத் நகரம், 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கும் வெள்ளை பூசியது. கல்நார்த் தகடு வேய்ந்தவர்கள் அதைத் துளையிடவோ, தேய்க்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. தகட்டின்மேல் முடைந்த தென்னை ஓலையைப் பரப்பிக் கட்டலாம். அடுப்புப் புகைபோக்கி அருகே மட்டும் வேண்டாம்.

மேற்குச் சுவரில் மாலை வெயில் படும். ஆனால் தென்மேற்குக் காற்றும் அப்பக்கமே வருவதால் ஜன்னலை அடைத்துவிடக் கூடாது. சற்றுத் தள்ளித் தென்னை நட்டால், மேலே நிழலும் கீழே காற்றுக்கு வழியும் கிடைக்கும். காய் விழும் தூரத்தில் வீடு இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.