டிப்பர் லாரிக்குப் பளபளப்பு எதற்கு?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில், சிமென்ட் ஆலைப் பக்கம் சாலையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஒன்று கடந்து போகும். ஷோரூமில் மின்னிய வண்டிதான். இப்போது டயர் முதல் கேபின் வரை புழுதி. முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அதே லாரியை 24-ல் ஒரு பங்கு அளவில் ஸ்கேல் மாடலாகச் செய்தால், 7.2 மீட்டர் வண்டி மேஜைமேல் 30 சென்டிமீட்டராக நிற்கும். ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்க வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் அடிக்கும் கிளியர் கோட்டுக்குப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் பாழாகும் மாடல்கள்தான் அதிகம்!

எதைத் தேர்வு செய்வது?

கிளியர் கோட் என்பது நிறமில்லாத மேல்பூச்சு. பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் கைபட்டுத் தேயாமல் காக்கும். கிளாஸ் பளபளக்கும், மேட் மங்கலாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே செமி கிளாஸ். 'பளபளத்தால்தான் அழகு' என்று நினைக்க வேண்டாம். புதுப் பேருந்துக்கும் காருக்கும் கிளாஸ். உழைக்கும் டிப்பருக்கு மேட். அதற்குக் கிளாஸ் மட்டும் அடித்து நிறுத்தினால் பொம்மை லாரியாகத்தான் தெரியும்.

ஆனாலும் முதலில் கிளாஸ் ஒரு கோட் வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டிகால், சொரசொரப்பான பரப்பில் சரியாகப் படியாது. அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறத்தில் மினுங்கும். அதனால் கிளாஸ், பிறகு டிகால், அது நன்றாகக் காய்ந்ததும் மேட். புழுதிக்கான பாஸ்டல் சாக் தூளை மேட் கோட்டுக்குப் பிறகு தடவுங்கள். அதன் மேல் மறுபடி ஸ்பிரே அடித்தால் தூள் மறைந்துபோகும்.

கண்ணாடிப் பாகங்களை மேட் அடித்த பிறகு பொருத்துங்கள். முன்பே பொருத்திவிட்டால் டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

பெயின்ட்டோடு ஒத்துப்போகுமா?

டாமியா நிறுவனத்தின் டிஎஸ்-13 (கிளாஸ்), டிஎஸ்-80 (மேட்) போன்ற ஸ்பிரே கேன்கள் லாக்கர் வகை. எனாமல் பெயின்ட்டின் மேல் லாக்கரைக் கனமாக அடித்தால், பெயின்ட் சுருங்கி மடிப்பு விழும். சந்தேகம் என்றால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியரே பாதுகாப்பு. கொலு பொம்மைக்கு அடித்து மிச்சமான எண்ணெய் வார்னிஷ் வேண்டாம். நாளாக ஆக மஞ்சளாகிவிடும்.

மழை நாளில் வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்பிரே அடித்தால் பரப்பு வெள்ளைப் புகை படிந்ததுபோல ஆகும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். லாக்கராக இருந்தால் பதற வேண்டாம். வெயிலடிக்கும் நாளில் மெல்லிய கிளாஸ் கோட் ஒன்று அடித்தால் பல நேரம் அந்த வெண்மை போய்விடும்.

கொளுத்தும் சித்திரை வெயிலும் ஆகாது. மருந்து பறக்கும்போதே காய்ந்து, மணல் தூவியதுபோல விழும். ஈரமில்லாத நாளின் காலை பத்து மணி, நிழல், காற்றடிக்காத இடம்: இதுதான் நல்ல நேரம்.

அடிக்கும் முறை

கேனை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். மேட்டில் ஒளியைச் சிதறடிக்கும் நுண்தூள் அடியில் தங்கியிருக்கும். சரியாகக் கலக்காவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். மாடலுக்கு வெளியே தொடங்கி, வெளியிலேயே முடியுங்கள். ஒரே கனமான கோட்டைவிட, பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட் நல்லது.

முகமூடி கட்டாயம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். பிள்ளைகள் அடித்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன், மாடலுக்கு அடித்த அதே பெயின்ட்டை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் பூசி, காயவைத்து, அதன் மேல் கிளியரை அடித்துப் பாருங்கள். கெட்டால் ஸ்பூனோடு போகட்டும். வாரக்கணக்கில் உழைத்த லாரி தப்பிக்கும்!