பூசும் முன்னே ஓடி வாங்க!

கலவை மிஷின் இன்னும் வந்து சேரவில்லை. விடிந்தும் விடியாத நேரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய மனை. சவுக்குக் கம்புகளும் இரும்பு ஜாக்கிகளும் தோப்பு மாதிரி முட்டுக் கொடுத்து நிற்கின்றன. அவற்றின் தலைமேல் என் தம்பி வீட்டுக் கூரை வெறும் கம்பி வலையாக விரிந்து கிடக்கிறது. இன்றைக்கு மோல்டு, கூரைக்குக் காங்கிரீட் போடும் நாள்! ஏணியில் பாதி ஏறியதுமே மேஸ்திரி மேலிருந்து குரல் கொடுக்கிறார். “யக்கா, கம்பி மேல கால வச்சிடாதீங்க, பலகை மேல வாங்க!”

ஏறி நின்றதும் எனக்கு நெஞ்சு துள்ளுகிறது. கூரையின் எலும்பும் நரம்பும் வெளியே தெரிவது அதன் ஆயுளில் இந்த ஒரு நாள்தான். இதோ நீளக் கம்பி, இதோ குறுக்குக் கம்பி, நடுவே பாம்பு மாதிரி வளைந்து ஓடும் கரண்டு பைப்பு, ஃபேன் மாட்ட வட்டப் பெட்டி. மதியத்துக்குள் இத்தனையும் காங்கிரீட்டுக்குள் போய்விடும். அப்புறம் நூறு பேர் வந்து அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது.

புது வீட்டைப் பார்க்க எல்லோரும் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறோம். டைல்ஸைத் தடவிப் பார்க்கிறோம், மாடுலர் கிச்சனைத் திறந்து மூடுகிறோம், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். ஆனால் வீட்டைத் தாங்குகிற எதுவும் அன்று கண்ணில் படாது. அதனால் வீடு கட்டும் எல்லோரையும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: மூடுவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். கடக்காலை மண் மூடும் முன், கம்பியைக் காங்கிரீட் மூடும் முன், குழாயைப் பூச்சு மூடும் முன். இந்த மூன்று நாளுக்கு ஆபீசில் லீவு போட்டாலும் தகும்.

சரி, வாங்க, சுற்றிக் காட்டுகிறேன்!

முதலில் குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். பர்ஃபி துண்டு மாதிரி சின்னச் சின்ன சிமெண்ட் கட்டிகள் இருக்கிறதே, அதுதான் கவர் பிளாக். கம்பி அடியில் விரித்த தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. கூரைத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, கடக்காலுக்கு 50. ஐ.எஸ். 456 என்ற நம் நாட்டுக் காங்கிரீட் விதிநூல் கேட்கும் குறைந்த அளவு இது. இந்தக் கட்டி இல்லாமல் கம்பியைத் தகரத்தின் மேலேயே கிடத்திவிட்டால், சில வருஷத்தில் ஈரம் உள்ளே போய், கம்பி துருவேறிப் பருத்து, சீலிங்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். பழைய வீடுகளில் கூரையிலிருந்து பாளம் பாளமாக விழுகிறதே, பல இடங்களில் இதுதான் காரணம். ஒரு கட்டியின் விலை சில ரூபாய். ஜல்லித் துண்டை முட்டாக வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு, விடாதீர்கள்.

அடுத்து பால்கனிப் பக்கம். இங்கே எனக்கு எப்போதுமே வயிற்றில் பட்டாம்பூச்சிதான்! நாலு பக்கமும் சுவர் தாங்கும் தளத்தில் முக்கியக் கம்பி அறையின் நடுப்பகுதியில் அடியில் இருக்கும். சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது தலைகீழ்: முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கையை நீட்டி ஒரு குடத்தைத் தொங்கவிட்டால் தோளின் மேல்பக்கம்தான் இழுக்கும், இல்லையா? அதே கணக்கு. காலையில் சரியாகத்தான் கட்டியிருப்பார்கள். பாண்டுச் சட்டி சுமந்து ஐம்பது நடை நடந்தபின் மேல்கம்பி மிதிபட்டு அடிக்குப் போயிருக்கும். அது நடக்காமலிருக்கத்தான் கம்பியை வளைத்து நாற்காலி போல் ஒன்று செய்து அடியில் நிறுத்துகிறார்கள். பெயரும் ‘சேர்’தான். “சேர் எத்தனை போட்டிருக்கீங்க அண்ணே?” என்று நான் கேட்டதும் கம்பி கட்டுகிறவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் அவர்களுக்கும் சொல்ல ஆசைதான். பில்லர் ரிங்கின் முனையை ஏன் உள்பக்கமாகச் சாய்த்து 135 டிகிரிக்கு மடக்குகிறோம், வெறும் செங்கோணத்தில் மடக்கினால் பாரம் ஏறும்போது எப்படிப் பிரிந்துகொள்ளும் என்று ஒரு துண்டுக் கம்பியை வளைத்தே காட்டினார்.

கம்பி வாங்கும்போது செய்கிற ஒரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவ்வளவு பிடித்த கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மில்லி கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, மீட்டருக்கு 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர். ஆக ஒரு கம்பி 10.67 கிலோ. எட்டு மில்லி என்றால் 4.74 கிலோ. லாரி வந்ததும் நாலைந்து கம்பியை எடை போடுங்கள். கொஞ்சம் ஏறி இறங்கலாம். ரொம்பக் குறைந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கீழே சத்தம் கேட்கிறது. மிஷின் வந்துவிட்டது!

மிஷின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். பெருக்கிப் பாருங்கள்: 35 லிட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவும் ஏறக்குறைய அதேதான். அதனால் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி முக்கால் ஜல்லி என்று அளந்தால் எம்-20 கலவை. பாண்டுக் கணக்கில் அள்ளினால் ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அளவு. பெட்டிக்கு ஒரே அளவு. இந்தப் பெட்டியைச் செய்யச் சொல்லித் தம்பி மூன்று நாள் அடம்பிடித்தான், எனக்கு அவ்வளவு பெருமை.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் திருட்டுத்தனமான பொருள். கலவை கெட்டியாக இருந்தால் பரப்பக் கஷ்டம். ஒரு பக்கெட் கூட ஊற்றினால் பாயசம் மாதிரி ஓடும், வேலை சீக்கிரம் முடியும். அந்தக் கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது காங்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 27 லிட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மணல் ஈரமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். ஓடவைக்கத் தண்ணீர் வேண்டாம், வைப்ரேட்டர் போதும். அதையும் ஒரே இடத்தில் நெடுநேரம் பிடித்திருந்தால் ஜல்லி அடியில் இறங்கி, பால் மட்டும் மேலே நிற்கும்.

இத்தனையையும் யார் பார்ப்பது? கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டமாகத் தொடங்கியதிலிருந்து ஊரைச் சுற்றி நான் போகிற பக்கமெல்லாம் ஒரு கடக்கால் தோண்டுகிறார்கள். அனுமதியும் இப்போது சுலபம். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, 2024 ஜூலையிலிருந்து, சுயசான்று கொடுத்தால் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அரசு தருகிறது. இரண்டும் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் அனுமதித் தாள் கைக்கு வந்ததால் கம்பியை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். தளத்துக்கு முந்தின நாள் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டு, வரைபடத்தைக் கையில் கொடுத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் அவர் கூலி தெரியவே தெரியாது.

மறுவாரம் நிலை வைக்கும் ஏற்பாட்டுக்காக ஆசாரி பட்டறைக்கு ஓடினேன். ஐயோ, அந்த வாசனை! கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைகளுக்கு மட்டும் பேர் போன கைகள் இல்லை இவை; நிலைக்கதவும் பூஜையறைக் கதவும் இங்கே செதுக்குகிறார்கள். காகிதத்தில் போட்ட கோலத்தைப் பலகையில் பதித்து, உளியைக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, ஒரு யாளியின் மூக்கு மெதுவாக வெளியே வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஆசாரி என்னைப் பூவேலைப்பாட்டைப் பார்க்கவே விடவில்லை. “முன்னாடி எல்லாரும் பாப்பாங்கம்மா, பின்னாடி வாங்க” என்று நிலையைத் திருப்பினார். சுவரோடு ஒட்டும் பக்கம் கரையானுக்குத் தார் பூசியிருக்கிறதா, மூலையில் துளையும் கழுந்தும் இடைவெளியில்லாமல் இறுகியிருக்கிறதா, சுவருக்குள் போகிற இரும்பு கிளாம்ப் பக்கத்துக்கு மூன்று இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் காய்ந்திருக்கிறதா. பச்சை மரத்தில் எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் முதல் கோடையில் முறுக்கிக்கொண்டு யாளியின் முகத்தில் வெடிப்பு விழும். ஆகவே கதவை வாசல் தயாரானபின் சொல்லக்கூடாது, கடக்கால் தோண்டும்போதே சொல்லிவிட வேண்டும். மரம் காயவும் ஆசாரி நிதானமாகச் செதுக்கவும் நாள் வேண்டும்.

அங்கிருந்து மனசு கேட்காமல் கல்வராயன் மலைக்கும் ஏறிவிட்டேன்! கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து வெள்ளிமலை வரை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாலையும் சிமெண்டும் தாமதமாக ஏறின. அதனால் மலையாளிப் பழங்குடியினரின் பழைய மண்வீட்டுக் கட்டுமானத்தை இன்னும் அங்கங்கே பார்க்கலாம். ஒரு பாட்டி ஒரு பக்கச் சுவருக்குப் புதிதாக மண் அப்பிக்கொண்டிருந்தார். மண் உதிர்ந்த இடத்தில் உள்ளே இருந்தது தெரிந்தது: பிளந்த மூங்கிலைப் பின்னிய படல்! அதே கம்பி வலை! கச்சிராயபாளையம் சாலையில் நான் பார்த்த அதே எலும்பு, இங்கே மூங்கிலில். நான் கத்தியதைக் கேட்டுப் பாட்டி, “உள்ள வந்து பரணையும் பாரு சாமி” என்றார். புல்கூரை, தலை இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த இறவாரம், மேலே சாமை கொட்டி வைக்கும் பரண். அந்தத் தாழ்ந்த இறவாரம்தான் மண்சுவரை மழையிலிருந்து காக்கிறது. ஜன்னலுக்கு ஒரு சாண் சன்ஷேடு வைத்துவிட்டுச் சுவரில் ஈரம் ஊறுகிறதே என்று வருந்துகிறவர்கள் இங்கே வந்து ஒரு மழை நேரம் நிற்கலாம். மண்ணில் இன்னும் கெட்டியாகக் கட்ட விரும்பினால், பழைய தாய் மாவட்டமான விழுப்புரத்தில் ஆரோவில் புவி நிறுவனம் இருக்கிறது. மண்ணோடு ஐந்து சதவீத அளவு சிமெண்ட் சேர்த்து, அழுத்தி, சூளையில் சுடாமலே கல் செய்யச் சொல்லித் தருகிறார்கள்.

மலைச்சரிவில் கட்டுகிறவர்களுக்கு மூடும் முன் பார்க்க வேண்டியது கம்பியைவிடத் தண்ணீர்ப் பாதை. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டை நிறுத்தினால் கொட்டிய மண் அமுங்கும், வீடு அங்கேயே இரண்டாகப் பிளக்கும். கடக்கால் முழுக்கக் கலையாத கெட்டி மண்ணில் இறங்க வேண்டும். மேல்பக்கம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் முதலில், வீடு அப்புறம். தடுப்புச்சுவர் கட்டினால் முதுகுப்பக்கம் ஜல்லி நிரப்பி, சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற குழாய்த் துளைகள் விட வேண்டும். சிமெண்ட் மூட்டையைப் பனியில் தரையிலேயே அடுக்கினால் மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும். அரையடி உயரப் பலகை, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல்.

இறங்கி வந்தபோது தளத்தின் மேல் தம்பி பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தான். சின்னச் சின்ன வயல்! சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்பதால் குறைந்தது 10 நாள், வெயில் என்றால் 14 நாள் ஈரம் காயக்கூடாது. கூரையை அவன் நெல் நாற்றங்கால் போலக் காத்தான். முட்டுக் கம்புகளையும் 14 நாள் வரை யாரும் தொடவில்லை.

இப்போது சுவர்களுக்குள் தண்ணீர்க் குழாயும் வயர் பைப்பும் இறங்கிவிட்டன. என் வீட்டில், குடிவந்து சில மாதத்தில் டிவி மாட்டத் துளை போட்டபோது குழாயிலேயே துளை விழுந்து, கூடம் முழுக்கத் தண்ணீர். உள்ளே எது எங்கே ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு சுவருக்கும் படம். சுவரின் மூலையில் ஒரு டேப்பை நிமிர்த்தி வைத்து, தரையும் தெரிய, குழாயும் தெரிய, அளவும் தெரிய ஒரு சொடுக்கு. அறையின் பெயரைச் சாக்பீஸில் சுவரிலேயே எழுதி, அதோடு சேர்த்து. கழிவறைத் தளத்துக்கு மூன்று படம். குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து ஒரு நாள் விட்டாயிற்று, சொட்டு இல்லை.

“யக்கா, கலவை போட்டாச்சு, பூச்ச ஆரம்பிக்கலாமா?”

“ஒரு நிமிஷம் மேஸ்திரி! சமையலறைக் கிழக்குச் சுவர் பாக்கி இருக்கு. தம்பி, டேப்பை இங்கே பிடி!”