பெல்ட் ஏன் கழன்று விழுகிறது?

பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சில தோட்டங்களில் இன்னமும் பெல்ட் போட்ட கம்ப்ரசர் வைத்துத்தான் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். பெல்ட் கழன்று விழுந்தால் புதுசு வாங்கி மாட்டுகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் ஓரம் பிய்ந்து போகிறது. பெல்ட்டைக் குறை சொல்லுமுன் அச்சைப் பாருங்க.

சுற்றுகிற எந்தப் பொருளுக்கும் ஓர் அச்சு உண்டு. அது சுற்றும் தளம் அச்சுக்கு மூலைமட்டமாகவே அமையும். மாட்டுவண்டியில் அச்சு படுத்திருக்கிறது. சக்கரம் நிமிர்ந்து உருளுகிறது. செக்கில் உரல் நட்டமாய் நிற்கிறது; மாடு தரையோடு தரையாக வட்டம் போடுகிறது. திருப்பூரில் பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷினும் செக்கு மாதிரிதான்! ஊசி நிற்கும் சிலிண்டர் நட்டமான அச்சில் சுற்ற, துணி குழாயாகக் கீழே இறங்குகிறது.

உடுமலைப் பக்கம் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது காற்றாலையைக் கவனியுங்கள். காற்று திசை மாறினால், அச்சைத் தாங்கும் தலைப்பகுதி முழுவதுமே திரும்புகிறது. அச்சு திரும்பினால் இறக்கை சுற்றும் தளமும் கூடவே திரும்பும். இறக்கை நுனி கோபுரத்தில் இடிக்காமலிருக்க, அந்த அச்சின் முன்பக்கத்தைச் சில டிகிரி தூக்கியும் வைத்திருப்பார்கள்.

நம்ம மோட்டாருக்கு வருவோம். மோட்டார் ஷாப்டும் கம்ப்ரசர் ஷாப்டும் இணையாக இருந்தால்தான் இரண்டு புல்லியும் ஒரே தளத்தில் சுற்றும். மெயினை அணைத்து, பியூஸையும் பிடுங்கிவிடுங்கள். ஷாப்டு முனையில் இடிக்காமல், பெரிய புல்லியின் பக்கவாட்டில் இரு விளிம்பும் தொடும்படி ஒரு நூலை இழுத்து, மோட்டார் புல்லி வரை பிடியுங்கள். அங்கேயும் இரு விளிம்பும் தொட்டால் சரி. ஒரு விளிம்பு தொட்டு மற்றது விலகி நின்றால் மோட்டார் அச்சு கோணல். இரண்டிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் அச்சில் தப்பில்லை. புல்லிதான் தள்ளி நிற்கிறது, ஷாப்டிலேயே நகர்த்தினால் போதும். இரு புல்லியின் விளிம்பும் ஒரே கனமில்லை என்றால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புல்லியை ஒட்டித் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. புல்லி சாய்ந்திருந்தால் மோட்டார் உட்கார்ந்த இடம் மட்டமில்லை.

பெல்ட்டை இறுக்க மோட்டாரை நகர்த்தும்போது ஒரு பக்கம் கூடுதலாய் நகர்ந்துவிடும். கோணல் வருவது முக்கால்வாசி அங்கேதான். அப்படியே ஓட்டினால் பெல்ட்டோடு பேரிங்கும் போகும், கரண்டும் வீண். போல்டை முறுக்கிய பிறகு இன்னொரு தடவை நூல் பிடித்துப் பாருங்க, முறுக்கும்போதும் மோட்டார் அசையும். பெல்ட் மூடியை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.